தமிழ்நாட்டின் வருவாய் அடித்தளத்தை மறுஆய்வு செய்ய வேண்டியது ஏன்?

மாநில அரசுக்கு நிதி போதவில்லை என்றால் வரி விகிதங்களைச் சற்று உயர்த்தலாம். அல்லது ஒன்றிய அரசிடமிருந்து உரிய பங்கைக் கேட்டுப் பெறலாம். அப்படியிருக்க, வரி மற்றும் வருவாய் அடித்தளம் முழுவதையும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று ஏன் வலியுறுத்தப்படுகிறது என்பது கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநிலத்தின் பொருளாதாரம் ஒரு திசையில் வளர்ந்துகொண்டிருக்க, அதன் வரிகள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. எதன்மீது வரி விதிக்கிறோம், அதை எந்த மதிப்பில் கணக்கிடுகிறோம், யாரையெல்லாம் விட்டுவிடுகிறோம் என்பதைப் பாராமல் விகிதத்தை மட்டும் கூட்டினால், ஏற்கெனவே செலுத்துபவரே மேலும் செலுத்துவார். செலுத்தாதவர் செலுத்தாமலே இருப்பார். தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டே விளக்குகிறேன், ஏனெனில் இங்கே இந்தச் சிக்கலின் எல்லாப் பக்கங்களும் தெளிவாகத் தெரிகின்றன.

முதலில் அளவைப் பார்ப்போம். 2011-12ஆம் ஆண்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் சுமார் 59,500 கோடி ரூபாய்; அன்றைய மாநில உள்நாட்டு உற்பத்தி சுமார் 7.5 லட்சம் கோடி ரூபாய். அதாவது, உற்பத்தியில் ஏறத்தாழ 7.9 சதவீதம் வரியாக வந்தது. 2024-25இல் உற்பத்தி நடப்பு விலையில் சுமார் 31.19 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. அந்த ஆண்டின் திருத்திய மதிப்பீட்டில் சொந்த வரி வருவாய் சுமார் 1.92 லட்சம் கோடி. விகிதம் 6.2 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கான எண்களும் ஒரே கணக்குத் தொடரைச் சேர்ந்தவை என்பதால், இந்தச் சரிவை அடிப்படை ஆண்டு மாற்றத்தின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. 2011-12இன் விகிதமே நீடித்திருந்தால் 2024-25இல் கூடுதலாக ஐம்பதாயிரம் கோடிக்கு மேல் வந்திருக்கும். அந்த ஆண்டின் திருத்திய மதிப்பீட்டில் காட்டப்பட்ட வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது வருவாய் வரவைவிட வருவாய்ச் செலவு மிஞ்சிய தொகை, சுமார் 46,500 கோடி. மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறை முழுவதையும் விஞ்சும் தொகை, யாரும் முடிவெடுத்துக் கைவிடாமலேயே, ஆண்டுக்காண்டு கைநழுவியிருக்கிறது.

2011-12, 2012-13 ஆண்டுகளில் தமிழ்நாடு வருவாய் உபரி மாநிலமாக இருந்தது. 2013-14இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பற்றாக்குறைதான். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இதை வெளிப்படையாகப் பேசியது. குடும்பம் ஒன்றின்மீது 2,63,976 ரூபாய் பொதுக் கடன் இருப்பதாக அதில் சொல்லப்பட்டது பரவலாக நினைவில் நிற்கிறது. ஆனால் அந்த அறிக்கையின் மிக முக்கியமான பகுதி கடனைப் பற்றியதன்று. சொந்த வருவாய் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து வளரவில்லை என்று காட்டிய பகுதிதான் அது. கடன் விளைவு; காரணம் அங்கேதான் இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையின்படி வட்டிக்கு மட்டும் சுமார் 70,700 கோடி ரூபாய் செலவாகும். அந்த ஆண்டு எதிர்பார்க்கப்பட்ட மொத்த வருவாய் வரவு சுமார் 3.32 லட்சம் கோடி. ஐந்து ரூபாய் வந்தால் ஒரு ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போகும் நிலையில், அடித்தளத்தின் மறுஆய்வைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதற்கு இடமில்லை.

அடுத்து, இந்த வருவாய் எவற்றால் ஆனது என்று பார்க்க வேண்டும். 2025-26 மதிப்பீட்டில் சொந்த வரி வருவாய் சுமார் 2.21 லட்சம் கோடி. அதில் வணிகவரிகள் சுமார் 1.64 லட்சம் கோடி. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சுமார் 26,100 கோடி. வாகன வரி சுமார் 13,400 கோடி. மதுவின்மீதான மாநில ஆயத்தீர்வை சுமார் 12,900 கோடி. இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் படிப்பவர், மதுவிலிருந்து வருவது ஆறு சதவீதம்தானே என்று எண்ணிவிடக்கூடும். அது தவறான முடிவு. மதுவின்மீதான மதிப்புக் கூட்டு வரி வணிகவரிகளுக்குள் சேர்ந்துவிடுகிறது. 2024-25இல் மதுவிலிருந்து ஆயத்தீர்வையாக சுமார் 11,000 கோடியும், மதிப்புக் கூட்டு வரியாக சுமார் 37,300 கோடியும், ஆக 48,300 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இது. கணக்குத் தலைப்புகளின் அமைப்பே உண்மையான சார்பை மறைத்துவிடுகிறது என்பதே, வரிவாரியாக அல்லாமல் பொருள்வாரியாக வருவாயைப் பிரித்துப் பார்க்கும் ஒரு மறுஆய்வு தேவை என்பதற்கு முதல் சான்று.

இந்த இடத்தில் சற்று வரலாற்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மண்ணில் அடித்தளத்தை மாற்றியமைத்த முன்னுதாரணம் இருக்கிறது. 1937இல் சென்னை மாகாண முதல்வரான ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்தடுத்த மாவட்டங்களுக்கு அது விரிந்தபோது, அன்றைய மாகாணத்தின் பெரும் வருவாய்களில் ஒன்றான கள், சாராய ஆயத்தீர்வை குறைந்தது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி அது. வணிகர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆயினும் அந்த வரிதான் பிற்காலத்தில் எல்லா மாநிலங்களுக்கும் முதன்மை வருவாயாக வளர்ந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் மாநிலங்களின் நிதி அதன்மீதே நின்றது. ஒரு வருவாயை விட்டுவிட வேண்டும் என்று கொள்கை அளவில் முடிவெடுத்தவர்கள், அதற்கு ஈடாக எதைக் கொண்டுவருவது என்ற கேள்விக்கும் அப்போதே விடை கண்டார்கள். இன்று மதுக்கடைகளைக் குறைக்க வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் ஏதோவொரு காலத்தில் பேசியிருக்கின்றன. ஆனால் 48,000 கோடிக்கு மாற்று என்ன என்ற கணக்கு எவரிடமும் இல்லை. அந்தக் கணக்கு இல்லாதவரை அந்தப் பேச்சு செயலாகாது.

ஒன்றிய அரசிடம் கேட்டுப் பெறலாமே என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. அரசியல் சட்டத்தின் 101ஆவது திருத்தத்துக்குப் பின், 2017 ஜூலை 1 முதல், சரக்கு மற்றும் சேவை வரியான ஜி.எஸ்.டி.யின் விகிதத்தை எந்த மாநிலமும் தனியாக முடிவு செய்ய முடியாது. ஜி.எஸ்.டி. மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு தேவை. ஆகவே ஒன்றிய அரசு உடன்படாத எதுவும் அங்கே நிறைவேறாது. மன்றத்தின் பரிந்துரைகள் கட்டுப்படுத்துபவை அல்ல, அறிவுறுத்தும் தன்மையுடையவையே என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தாலும், ஒரே சந்தையில் தனிவழி செல்வது நடைமுறையில் எளிதன்று. மாநிலங்களின் ஜி.எஸ்.டி. வருவாய்க்கு ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சியை உறுதிசெய்த இழப்பீடு 2022 ஜூனோடு முடிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி அடுக்குகள் பெரும்பாலும் 5, 18 சதவீதமாகச் சுருக்கப்பட்டபோது நுகர்வோர் பயனடைந்தனர். மாநிலங்களுக்கு உண்டாகும் குறைவுக்கு ஈடு ஏதும் அறிவிக்கப்படவில்லை. உற்பத்தி செய்யும் மாநிலமான தமிழ்நாட்டுக்கு, வெளிமாநில விற்பனையின்மீது கிடைத்துவந்த மத்திய விற்பனை வரியும் போய்விட்டது. அதே சமயம், முன்பு மாநிலங்களின் கைக்கு எட்டாமலிருந்த சேவைகளின்மீது வரி விதிக்கும் உரிமை ஜி.எஸ்.டி. வழியாகத்தான் கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பகிர்வின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. ஒன்றிய வரிகளில் மாநிலங்களுக்குரிய பங்கைப் பரிந்துரைப்பது நிதிக்குழு. பதின்மூன்றாவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு 4.969 சதவீதம், பதினான்காவது குழுவில் அது 4.023 ஆகவும், பதினைந்தாவது குழுவில் 4.079 ஆகவும் ஆனது. செஸ், சர்சார்ஜ் எனப்படும் மேல்வரிகள் இந்தப் பகிர்வுக்குள் வருவதே இல்லை. 2021 பிப்ரவரியில் பெட்ரோல் லிட்டருக்கு ஒன்றிய அரசு வசூலித்த 32 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பகிரத்தக்க அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 காசு மட்டுமே. இதில் நியாயம் கேட்பது அவசியம். தொடர்ந்து கேட்க வேண்டும். ஆனால் அந்தப் போராட்டத்தின் முடிவு மாநிலத்தின் கையில் இல்லை. தன் கையில் இருப்பதைச் சரியாகப் பயன்படுத்துகிறோம் என்று காட்டக்கூடிய மாநிலத்தின் குரலுக்கு நிதிக்குழுவின் முன்னிலையில் வலு கூடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிக் கையில் இருப்பவற்றுள் மிகப் பெரியதும், மிகவும் அலட்சியப்படுத்தப்பட்டதும் நிலம்.

ஒரு சொத்து விற்கப்படும்போது பத்திரத்தில் காட்டப்படும் விலை உண்மை விலையைவிடக் குறைவாக இருப்பது எல்லாரும் அறிந்ததே. இதைத் தடுக்கவே 1967இல் இந்திய முத்திரைச் சட்டத்தில் 47-ஏ என்ற பிரிவை மாநிலம் சேர்த்தது. சந்தை மதிப்பு குறைத்துக் காட்டப்பட்டதாகப் பதிவு அலுவலர் கருதினால் ஆவணத்தை மாவட்ட ஆட்சியரின் விசாரணைக்கு அனுப்பலாம். இடத்துக்கு இடம் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு இந்த நோக்கத்துக்குத் துணையாக வந்தது. ஆனால் நடந்தது என்ன? 2012 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்புகள் விரிவாகத் திருத்தப்பட்டன. 2017 ஜூனில் அவை ஒரேயடியாக 33 சதவீதம் குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரலில் மதிப்புகள் மீண்டும் 2017க்கு முந்தைய அளவுக்கே கொண்டுவரப்பட்டு, கட்டணம் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று அந்த முடிவு உயர் நீதிமன்றத்தில் ரத்தாயிற்று. பின்னர் முறைப்படி தயாரான புதிய மதிப்புகள் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. ஆக, மாநிலத்தின் நகர்ப்புற நிலவிலை பன்மடங்கு ஏறிய ஒரு பத்தாண்டு முழுவதும், வரி கணக்கிடப்பட்ட மதிப்பு 2012இன் அளவைத் தாண்டவே இல்லை. ஆறு ஆண்டுகள் அதைவிடவும் கீழே இருந்தது.

2017இன் மாற்றத்தைக் கணக்காகப் பார்த்தால் அடித்தளத்துக்கும் விகிதத்துக்கும் உள்ள தொடர்பு விளங்கும். வழிகாட்டி மதிப்பு 100 லட்ச ரூபாய் இருந்த ஒரு மனைக்கு முன்பு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 1 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 8 லட்சம் ஆகும். மதிப்பு 67 லட்சமாகக் குறைந்து, விகிதம் மொத்தம் 11 சதவீதமாக உயர்ந்தபின் கிடைப்பது 7 லட்சத்து 37 ஆயிரம். விகிதம் எட்டிலிருந்து பதினொன்றாக ஏறியும் அரசுக்கு வந்த தொகை குறைந்தது. அதைவிடக் கேடான விளைவு வேறொன்று. உண்மை விலையைப் பத்திரத்தில் எழுத விரும்பிய நேர்மையானவருக்கு 11 சதவீதம் சுமை. வழிகாட்டி மதிப்போடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை ரொக்கமாகக் கொடுத்தவருக்குச் சலுகை. வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டும் மாதச் சம்பளக்காரர் முழு விலையையும் காட்ட நேர்கிறது. கணக்கில் வராத பணம் வைத்திருப்பவர் காட்டுவதில்லை. உயர்ந்த விகிதமும் தாழ்ந்த மதிப்பும் சேர்ந்தால் வரி ஏய்ப்புக்கு அரசே வழியமைத்துக் கொடுத்ததாகிவிடும்.

என் கருத்தில், மறுஆய்வின் முதற்பணி இங்கேதான் தொடங்க வேண்டும். வழிகாட்டி மதிப்பை எப்போதாவது ஒருமுறை அரசியல் துணிவு வரும்போது திருத்துவதற்குப் பதிலாக, பதிவான விற்பனைகள், வங்கிகள் வீட்டுக் கடனுக்காகச் செய்யும் மதிப்பீடுகள், ஏலத்தில் கிடைத்த விலைகள் ஆகியவற்றை வைத்து ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சரிசெய்யும் நிலையான முறை வேண்டும். மதிப்பு உண்மைக்கு நெருங்க நெருங்க, விகிதத்தைக் குறைக்க இடம் கிடைக்கும். கைமாறும்போது கடுமையாக வரி விதிப்பது, வேலைக்காக ஊர் மாறுபவரையும் சிறிய வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகும் குடும்பத்தையும் தண்டிக்கிறது. விற்காமல் பல ஆண்டுகள் காலி மனையாகவே வைத்திருப்பவரை அது தொடுவதே இல்லை.

இதோடு பொதுச் செலவால் உயரும் நிலமதிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். பாதை வரும் சாலைகளின் இருபுறமும் நிலவிலை ஏறுவதற்கு அந்த நில உரிமையாளர்கள் எதுவும் செய்யவில்லை. மாநிலம் முழுவதும் உள்ள மக்களின் பணம் செய்தது. அந்த உயர்வில் ஒரு பகுதி பொதுக் கருவூலத்துக்குத் திரும்புவது நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கூடுதல் தளப்பரப்புக்கான கட்டணம் போன்ற சில வழிகள் இருக்கின்றன. ஆனால், அவை கட்டடம் கட்டுபவரிடமிருந்து மட்டும் பெறப்படுபவை. ஒன்றும் கட்டாமல் விலையேற்றத்துக்காகக் காத்திருக்கும் மனைக்கு அவை பொருந்தா.

சொத்து வரி உள்ளாட்சி அமைப்புகளுக்கு உரியதாயினும், மாநில மறுஆய்வு அதை விட்டுவிட முடியாது. சென்னையில் 1998க்குப் பிறகும், பிற நகர்ப்புற அமைப்புகளில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வே நடக்கவில்லை. 2022 ஏப்ரலில்தான் கட்டடப் பரப்புக்கேற்ப 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. அதுவும் பதினைந்தாவது நிதிக்குழு, நகர்ப்புற மானியங்களுக்குச் சொத்து வரிச் சீராய்வை நிபந்தனையாக வைத்த பிறகுதான். இருபத்து நான்கு ஆண்டுகள் அசையாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் ஒன்றரை மடங்கு கூட்டினால் மக்களுக்குக் கோபம் வருவது இயல்பே. தவறு உயர்த்தியதில் இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் யாரும் கவனிக்காமல் விட்டதில் இருக்கிறது. நகராட்சிகள் தம் வருவாயைத் தாமே திரட்டாதபோது அவற்றின் பற்றாக்குறையை மாநில மானியம்தான் நிரப்புகிறது. தொழில் வரியின் நிலையோ வேறு: ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988இல் நிர்ணயித்த அந்தத் தொகை இன்றுவரை மாறவில்லை. இதை மாநிலம் தானாக மாற்ற முடியாது. பிற மாநிலங்களோடு சேர்ந்து திருத்தம் கோரலாம்.

எரிபொருளையும் வாகனங்களையும் பற்றிச் சொல்வதற்கு அவசரமான காரணம் ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி.க்கு வெளியே மாநிலத்தின் முழு அதிகாரத்தில் மிஞ்சிய சிலவற்றுள் பெட்ரோலும் டீசலும் அடங்கும். பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும், டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும் எனத் தமிழ்நாடு வரி வாங்குகிறது. மின்வாகனங்களுக்கோ வாகன வரியிலிருந்து முழு விலக்கு தரப்பட்டுவருகிறது. மின்வாகனத்தை ஊக்குவிப்பது சரியான கொள்கையே. காற்றின் தூய்மைக்காகவும், இங்கேயே அமைந்துவிட்ட உற்பத்தித் தொழிலுக்காகவும் அது தேவை. ஆனால் ஒவ்வொரு மின்வாகனமும் சாலைக்கு வரும்போது எரிபொருள் வரியும் வாகன வரியும் ஒருசேரக் குறைகின்றன என்பதை இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும். 2023 நவம்பரில் கார்களுக்கான வாகன வரி 12 முதல் 20 சதவீதம் வரையான நான்கு அடுக்குகளாக மாற்றப்பட்டு, இருபது லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம் ஆயிற்று. நியாயமான அடுக்குமுறைதான் அது. எனினும் சுருங்கப்போகும் ஒரு தளத்தின்மீது விகிதத்தை ஏற்றிக்கொண்டே போவதற்கு எல்லையுண்டு. புதுச்சேரி போன்ற பக்கத்து ஆட்சிப் பகுதிகளில் வரி குறைவாக இருக்கும்போது அந்த எல்லை இன்னும் விரைவில் வந்துவிடும். வாகனத்தின் எடை, சாலையைப் பயன்படுத்தும் அளவு ஆகியவற்றை ஒட்டி வரியை எப்படி அமைப்பது என்று பத்தாண்டுகளுக்கு முன்னோக்கி இப்போதே ஆராய வேண்டும்.

கனிமங்களில் மாநிலத்துக்கு ஒரு புதிய வாய்ப்பு திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில், கனிமம் எடுப்பவர் செலுத்தும் உரிமைத்தொகையின்மீது (ராயல்டி) விதிக்கப்பட்ட உள்ளாட்சி மேல்வரி தொடர்பான இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில், உரிமைத்தொகையும் வரிதான் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறி, மாநிலங்களின் கையைக் கட்டிவிட்டது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பை மாற்றி, உரிமைத்தொகை வரியன்று, கனிம நிலங்களின்மீது மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. அதையொட்டிச் சட்டம் இயற்றிய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. 2025 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்று வைக்கப்பட்டதும் சிமெண்ட் தொழிலில் உடனே கவலை எழுந்தது. இங்கே எனக்குள்ள குறை விகிதத்தைப் பற்றியதன்று. எவ்வளவு கல் வெட்டியெடுக்கப்படுகிறது என்பதைச் சரியாக அளக்கும் முறை இல்லாமல் டன் கணக்கில் வரி விதித்தால், ஒழுங்காகக் கணக்குக் காட்டும் குவாரிக்கு மட்டும் அது தண்டனையாகிவிடும். அளவுக் கண்காணிப்பு முதலில் வர வேண்டும்.

வரியல்லாத வருவாயில் ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். கிண்டியில் குதிரைப் பந்தய மைதானமாக இருந்த 160 ஏக்கர் அரசு நிலம், 1940களில் ஆண்டுக்கு 614 ரூபாய் வாடகைக்கு 99 ஆண்டுக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. வாடகை உயர்வு குறித்த வழக்கு நீண்டகாலம் நடந்து, 700 கோடிக்கு மேல் நிலுவை என்று அரசு கணக்கிட்டு, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்தது. அதுவும் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்த ஒரு வழக்கின் நியாய அநியாயம் ஒருபுறமிருக்க, மாநிலம் முழுவதும் அரசு நிலங்கள் எவரிடம், எந்த வாடகைக்கு, எந்த ஆண்டு வரை குத்தகையில் இருக்கின்றன என்ற முழுப் பதிவேட்டைச் சட்டமன்றத்தின் முன் வைத்தாலே மறுஆய்வின் பாதிப் பயன் கிடைத்துவிடும்.

விட்டுக்கொடுக்கப்படும் வருவாயும் கணக்கில் வர வேண்டும். வரிச்சலுகைகளால் எவ்வளவு வருவாய் கைவிடப்படுகிறது என்ற அறிக்கையை ஒன்றிய அரசு 2006-07 நிதிநிலை அறிக்கையிலிருந்து வெளியிட்டுவருகிறது. அதே முறை இங்கும் வேண்டும். பெரிய தொழில் முதலீடுகளுக்கு மாநில ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தருதல், முத்திரைத் தீர்வை விலக்கு, மின்வரி விலக்கு எனப் பல சலுகைகள் வழங்கப்படுகின்றன. அவற்றால் வேலைகள் வந்திருக்கலாம். வந்திருக்கின்றன என்றே பல நேர்வுகளில் நானும் நம்புகிறேன். ஆனால் எந்தச் சலுகைக்கு எவ்வளவு செலவு, அதனால் எத்தனை வேலை, அந்தச் சலுகை இல்லாமலேயே அந்த ஆலை வந்திருக்குமா என்ற கேள்விகளுக்கு ஆதாரத்தோடு விடை வேண்டும். நேரடிச் செலவு ஒவ்வொரு ரூபாயும் சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பெறுகிறது; சலுகையாகப் போகும் ரூபாய்க்கும் அதே வெளிச்சம் தேவை. 2023இல் வணிகவரி நிலுவைகளில் 50,000 ரூபாய்க்கு உட்பட்டவை முழுமையாகத் தள்ளுபடி செய்யப்பட்டதை நான் வரவேற்கிறேன். வசூலிக்கும் செலவே தொகையை மிஞ்சும் சிறு நிலுவைகளைச் சுமந்துகொண்டிருப்பதில் பயனில்லை. ஆனால் பெரிய நிலுவைகளுக்கு இப்படிப்பட்ட சமாதானத் திட்டங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தால், உரிய காலத்தில் செலுத்துபவர் ஏமாளியாகிறார்.

மறுஆய்வு என்றாலே வரி உயர்வு என்று மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன், ஏனெனில் கடந்தகாலச் சீராய்வுகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிந்தன. ஆனால் இன்றுள்ள அமைப்பில் சுமை யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். டீசல் வரி பேருந்துக் கட்டணத்திலும் காய்கறி விலையிலும் கலந்து எல்லாரிடமும் போய்ச் சேர்கிறது. மது வரியின் பெரும்பகுதி நாட்கூலி பெறுவோரின் குடும்பங்களிலிருந்து வருகிறது. அந்தக் குடும்பங்களின் பெண்கள் அதை எப்படி ஈடுசெய்கிறார்கள் என்பது எந்த நிதிநிலை அறிக்கையிலும் வராது. மறுபுறம், மாநில உற்பத்தியில் பாதிக்கு மேல் தரும் சேவைத் துறையின் செழிப்பு பெரும்பாலும் நகர நிலமாகவும் அடுக்குமாடி வீடுகளாகவும் உறைந்து நிற்கிறது. அங்கேதான் நம் வரி மிகவும் தளர்ந்திருக்கிறது. ஆகவே மறுஆய்வு, எவ்வளவு கூடுதலாக வரும் என்பதோடு நில்லாமல், யாருடைய சுமையைக் குறைக்கலாம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். நில மதிப்பு சரியானால் பதிவு விகிதத்தைக் குறைக்கலாம். மதுச் சார்பைப் படிப்படியாக இறக்கலாம். தளம் அகலமானால்தான் விகிதம் தாழ முடியும்.

இந்தப் பணியை வருவாய் ஈட்டும் துறைகளிடமே விடக் கூடாது. ஆண்டு இலக்கை எட்ட வேண்டிய பொறுப்பு அவற்றுக்கு இருப்பதால், எளிதில் கிடைக்கும் இடத்திலேயே மேலும் வசூலிக்க முனைவது இயல்பு. அதை அலுவலர்களின் குறையாகச் சொல்ல முடியாது. பொருளாதார அறிஞர், வரிச் சட்ட வல்லுநர், உள்ளாட்சி நிர்வாக அனுபவம் உள்ளவர், நுகர்வோர் தரப்பு, வணிகர் தரப்பு ஆகியோர் கொண்ட தனிக்குழு வேண்டும். வணிகவரி, பதிவு, போக்குவரத்து, கனிமவளம், மின்சாரம் ஆகிய துறைகளின் தரவுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் அதிகாரம் அதற்கு வேண்டும். ஒருவர் வாங்கிய நிலம், ஓட்டும் வாகனம், பயன்படுத்தும் மின்சாரம், காட்டும் விற்றுமுதல் ஆகியவை இன்று வெவ்வேறு அலுவலகங்களில் தனித்தனியே கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே விகிதம் எதையும் தொடாமல் கணிசமான ஏய்ப்பு வெளிப்படும். தனிமனித அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதால், அந்த இணைப்புக்குச் சட்ட வரம்பும், பார்வையிட்டவர் யார் என்ற பதிவும் தொடக்கத்திலேயே அமைய வேண்டும்.

குழுவின் அறிக்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டு அலமாரியில் தங்கிவிடாதிருக்க, அமைக்கும் ஆணையிலேயே இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: அறிக்கை குறிப்பிட்ட காலத்துக்குள் முழுமையாகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்; ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஏற்பு அல்லது மறுப்பு, மறுப்பு எனில் அதற்கான காரணம், அடுத்த நிதிநிலை அறிக்கையோடு வெளியாக வேண்டும். நிதிக்குழு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைவதுபோல இந்த மறுஆய்வும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும்படி, மாநிலத்தின் 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்துவிடலாம். பற்றாக்குறைக்கும் கடனுக்கும் நெறி வகுக்கும் அந்தச் சட்டம், வருவாயைத் திரட்டும் கடமையைப் பற்றியும் பேசுவது பொருத்தமே.